சுரங்களைக் கணக்கிட்ட தஞ்சை வைத்தியர்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டக் கோயில்களில் ஆர்மோனியம் வாசிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். 'ச' கட்டைக்கு அடுத்ததிலிருந்து, கறுப்பும் வெள்ளையும் சேர்த்து, ஏழு எண்ணினால் 'ப' வரும். அங்கிருந்து மறுபடியும் ஏழு. கட்டை போதாவிட்டால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக் கொள்ளலாம். பன்னிரண்டு முறை எண்ணியதும், பன்னிரண்டு சுரங்களையும் ஒவ்வொரு தடவை தொட்டுத் திரும்பவும் 'ச'வுக்கே வந்துவிடுவீர்கள்.

சிலப்பதிகாரமும் அதன் உரையும் கூறும் வட்டப்பாலையில் இந்தச் சுற்றைக் கண்டு, அதன்மேல் தம் இசை நூலை எழுப்பியவர் ஆபிரகாம் பண்டிதர். தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் 1859-ஆம் ஆண்டு பிறந்த கிறிஸ்தவர்; நம் சபையினர் அல்லர். பள்ளி ஆசிரியராயிருந்து சித்த வைத்தியரானார். தஞ்சையில் மருந்து விற்றுச் சேர்த்த பணத்தை இசைக்கே செலவிட்டார். 1912 முதல் தம் செலவிலேயே இசை மாநாடுகள் கூட்டினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட கருணாமிர்த சாகரம் 1917-இல் வெளிவந்தது. அதை அச்சிடவும் சொந்தத்தில் அச்சுக்கூடம் வைத்திருந்தார்!

அவரை வாட்டிய கேள்வி இது: ராகம் உண்டாவதற்கு விதி உண்டா? எண்ணிக்கை பெரிய காரியமல்ல. மேளகர்த்தா 72. ஒவ்வொன்றிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றும் விடாமலும், ஒரு சுரமோ இரண்டு சுரமோ விட்டும் பார்த்தால், ஏற்றத்துக்கு 22 வகை, இறக்கத்துக்கு 22 வகை, ஆக 484. அதை 72-ஆல் பெருக்குங்கள்: 34,848! இத்தனையையும் யார் பாடுவது? ஆகவே சலிக்க ஒரு சல்லடை வேண்டும். பழந்தமிழர் சொன்ன இணை, கிளை, நட்பு, பகை என்ற உறவுகளையே பண்டிதர் சல்லடையாக எடுத்தார். எந்தச் சுரத்தின் பின் எந்தச் சுரம் பொருந்தும், எது உறுத்தும் என்று தாளில் கணக்கிட்டுப் பார்க்கும் வழி அது.

இன்று கணனிக்கு நிரல் எழுதுவோர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். 1957-இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஹில்லர், ஐசக்சன் என்ற இருவர், இலியாக் என்னும் கணனியைக் கொண்டு நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஓர் இசைப்படைப்பு ஆக்கினார்கள். கணனி குருட்டாம்போக்கில் சுரங்களை எடுத்தது, இசை விதிகளோடு ஒத்துப் பார்த்தது, பொருந்தாததைத் தள்ளியது. பழைய ஐரோப்பிய ஆலய இசையில் வளர்ந்த விதிகளும் அவற்றுள் இருந்தன. பண்டிதருக்கு அந்த வசதி ஏது? காகிதமும் பொறுமையும்தான்.

ஆனால் கணக்கோடு அவர் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1916-இல் பரோடா அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் குடும்பப் பெண்களையும் அழைத்துப் போனார். ஒரு ஸ்தாயியில் சுருதி 22 அல்ல, 24 என்ற தம் முடிவை வாதத்தால் மட்டுமின்றி, அவர்களைப் பாடவும் வீணை வாசிக்கவும் வைத்து அறிஞர்களுக்குக் காட்டினார். எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை, இன்றும் 22 என்பவர்களே அதிகம். எண்ணில் அவர் பிடிவாதக்காரராகவே இருந்திருக்கலாம். என்றாலும், கணக்கைக் காதின் முன் நிறுத்தத் துணிந்த அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1919 ஆகஸ்டில் அவர் காலமானார். ராகங்களைப் பற்றிய இரண்டாம் புத்தகம் 1946-இல்தான் அச்சேறியது.