ஆசிரியர் காட்டாத ஏடு

பிரேசர் டவுன் என்பது ஓர் ஆசிரியரின் பெயரால் வழங்கும் ஊர். மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் கல்வி புகட்டியவர் ஸ்டூவர்ட் பிரேசர் என்னும் ஆங்கிலேய அதிகாரி. பின்னர் அவரே மைசூரின் ரெசிடெண்டாகவும் இருந்தார். புலிகேசி நகர் என்று அரசு பெயர் மாற்றிய பின்னும் மக்கள் நாவில் அந்த ஆசிரியரின் பெயரே நிலைத்து நிற்கின்றது.

அந்த ஊரில் ஒரு மாடி அறையில் நாங்கள் நால்வர் தங்கியிருக்கின்றோம். நால்வரும் படிப்பை நாடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அறையில் புத்தகங்களுக்குக் குறைவு இல்லை. ஆனால், தேர்வுக்கு வராத புத்தகம் ஒன்றேனும் என் அலமாரித் தட்டில் உண்டா என்று சென்ற மாதம் ஒருநாள் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்படித் தேடத் தூண்டியது ஓர் எளிய கேள்வி. ஆய்வுக்கூடத்தில் எனக்கு வழிகாட்டும் ஆசிரியர், பாடத்திற்கு வெளியே நான் என்ன படிக்கின்றேன் என்று பேச்சுவாக்கில் கேட்டார். விடை சொல்ல இயலாமல் நின்றேன்.

இத்தகைய கேள்வி ஒன்றின் முன் என்னைப் போலவே நின்ற ஓர் இளைஞரின் நினைவு அன்றிரவு எனக்கு வந்தது. அவர் என்னினும் பல மடங்கு கற்றவர். அவர்தாம் உ. வே. சாமிநாதையர்.

அரசகுமாரனுக்கு ஆசிரியர் அரண்மனைக்கே வருவார். ஏழை வீட்டுப் பிள்ளையோ ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்த சாமிநாதையர் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். இராமகதை சொல்லிக் கிடைப்பதைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். தமிழ் படிக்க வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தபோது, தந்தை அவரை அழைத்துக்கொண்டு தமிழ் சொல்லித் தருவோர் இருந்த ஊர்களுக்கெல்லாம் சென்றார். குன்னத்தில் ஒருவர், கார்குடியில் ஒருவர், செங்கணத்தில் ஒருவர் என்று ஆசிரியர் மாறினர். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த இரண்டொரு நூலைச் சொல்லி வைத்தனர். ஊருக்கு ஒரு நூல் என்பதே அந்நாளைய பாடத்திட்டம் என்று சொல்லலாம்.

1871இல் அவர் மாயூரத்திற்குச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரானார். பிள்ளையவர்கள் கற்ற வரலாறும் எளியது அன்று. தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூலைக் கற்பதற்காக, அதனை அறிந்திருந்த ஒரு பரதேசியின் பின்னால் திரிந்து, பணிவிடை செய்து, பாடம் கேட்டவர் அவர். இரவல் வாங்கிய நூல்களைத் தம் கையாலேயே ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டவர். பிற்காலத்தில் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கினார். தலபுராணங்கள், பிள்ளைத்தமிழ், அந்தாதி, கலம்பகம், கோவை ஆகியவற்றில் அவருக்குப் பெருவிருப்பம். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களை அவரே இயற்றினார். அவர் வாய் செய்யுளைச் சொல்லிக்கொண்டே போகும். பக்கத்தில் அமர்ந்த மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். அப்படி எழுதிய மாணவருள் சாமிநாதையரும் ஒருவர்.

சாதி சமயம் பாராமல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டவர் பிள்ளையவர்கள். புதிதாக வந்த சாமிநாதையருக்கு முதலில் பாடம் சொல்லும்படி அவர் பணித்தது சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணவரை.

ஆசிரியரின் விருப்பம் மாணவரின் விருப்பமாக மாறுவது இயற்கை. ஆசிரியருக்குப் பிடித்த நூல்களே சாமிநாதையருக்கும் பிடித்தன. ஆசிரியருக்குப் பிடிக்காதது விலகியது. மாயூரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் இசை பயிலத் தொடங்கினார். இசையில் மனம் சென்றால் இலக்கியத்தில் ஊக்கம் குறையும் என்று பிள்ளையவர்கள் கருதினார். அதனை அறிந்த மாணவர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். இசைவாணரின் மகன் இசையை விட்டார்! ஆசிரியரின் சொல்லுக்கு அவர் கொடுத்த விலை அது.

1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். இறுதி வேளையில் அவர் அருகே இருந்து திருவாசகத்தை வாசித்தவர் சாமிநாதையரே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1880இல், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அப்பதவியிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவரே. தம் இடத்திற்கு இவரைப் பரிந்துரைத்தவரும் அவரே. நல்ல ஆசிரியரிடம் கற்றாயிற்று. நல்ல வேலையும் கிடைத்தாயிற்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவர் கும்பகோணத்து முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் புலவர் அல்லர், நீதிபதி, ஆனால் ஆழ்ந்து படிப்பவர். யாரிடம் படித்தீர், என்னென்ன படித்தீர் என்று கேட்டார். சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகளை அடுக்கினார். பிள்ளைத்தமிழ் நூல்களை அடுக்கினார். கோவைகளையும் புராணங்களையும் கம்பராமாயணத்தையும் சொன்னார். முதலியாரின் முகத்தில் வியப்பு எழவில்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று பெயர்களையும் சொன்னார். சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை; அவர் ஆசிரியரும் அவருக்கு அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

அன்று சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. நம்மைவிட ஓரிரண்டு வயது மூத்தவர், அவ்வளவே. அவர் என்ன செய்திருக்கலாம்? தமிழ் தெரியாத அதிகாரி என்று முதலியாரை இகழ்ந்திருக்கலாம். ஆசிரியர் சொல்லித் தராதது கற்கத் தகாதது என்று தேறியிருக்கலாம். அல்லது, இவ்வளவு காலமும் வீண் என்று தம் ஆசிரியரையே குறை கூறியிருக்கலாம். மூன்றையும் அவர் செய்யவில்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், படிக்க உட்கார்ந்தார்.

படித்தார், விளங்கவில்லை. சிந்தாமணி திருத்தக்கதேவர் இயற்றிய சமண காவியம். மூவாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்கள். அவற்றுக்கு நச்சினார்க்கினியர் உரை. சைவ மடத்தில் வளர்ந்த புலமைக்குச் சமண மரபு புதிது. கல்லூரியில் ஆசிரியராக வீற்றிருந்தவர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு மாணவராகச் சென்றார். ஒரு வீட்டில் அன்று விழாக்கோலம். காரணம் கேட்டபோது, சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்த நாள் அது என்றார்கள். புலவருக்கு எட்டாத நூல் ஒரு வீட்டில் வழிபாட்டு நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது! அவர்களிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார்.

அடுத்த தடை ஏடுகள். பனையோலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. பாட்டும் உரையும் ஒன்றாக ஓடும். ஒரு பிரதியில் உள்ள சொல் மற்றொன்றில் வேறாக இருக்கும். ஆகவே பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்தார். ஒரே அளவையை ஒருமுறை எடுத்து நம்பிவிடக் கூடாது என்பது நமக்கு ஆய்வுக்கூடத்தில் சொல்லப்படும் முதற்பாடம். அதனை அவர் ஓலைகளின் நடுவே கைக்கொண்டார்.

நச்சினார்க்கினியரோ உரையில் பழைய நூல்களின் அடிகளை எடுத்துக்காட்டி, நூலின் பெயரைச் சொல்லாமலே போய்விடுவார். அவ்வடிகளின் ஊற்றைத் தேடிச் சென்றபோதுதான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் சாமிநாதையருக்குப் புலப்பட்டன. ஒரு நூலைப் புரிந்துகொள்ளப் புறப்பட்டவர் ஒரு நூலுலகத்தையே கண்டார்.

1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. கேள்விக்கும் விடைக்கும் இடையே ஏழு ஆண்டுகள்! பின்னர் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று நூல்கள் வந்தன. மணிமேகலைக்குப் பௌத்த சமய அறிவு தேவைப்பட்டது. ஆங்கில நூல்களில் பௌத்தத்தைப் படித்த ரங்காசாரியர் என்னும் பேராசிரியரிடம் கேட்டு அதனையும் அறிந்தார். 1903 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றினார். 1937இல் குறுந்தொகையை வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார்.

ஆசிரியரைத் தாண்டிச் சென்ற மாணவர் ஆசிரியரை மறந்தாரா? இல்லை. பிள்ளையவர்களின் செய்யுட்களைத் திரட்டிப் பதிப்பித்தார். 1933, 1934ஆம் ஆண்டுகளில் அவருடைய வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். தாம் சங்க நூல்களின் பதிப்பாசிரியராக நாடெங்கும் புகழ் பெற்ற பின்னும், அந்தாதியும் தலபுராணமும் பாடிய ஆசிரியரைப் பற்றி ஒரு சொல்லும் தாழ்த்திச் சொன்னாரில்லை. சிந்தாமணியை ஏழு ஆண்டுகள் விடாமல் படிக்கச் செய்த பொறுமை யாரிடம் கற்றது? பாட்டைக் கண்டதும் யாப்பின் பிழை எது, ஏடெழுதியவனின் பிழை எது என்று பிரித்தறியும் செவி யார் அளித்தது? பிள்ளையவர்கள் அந்த நூலைக் காட்டவில்லை. அந்த நூலைப் படிக்கும் ஆற்றலைக் கொடுத்திருந்தார்.

நண்பர்களே, நம் நிலையை எண்ணிப் பாருங்கள். பாடத்திட்டம் சொன்னதைப் படிக்கின்றோம். வழிகாட்டும் ஆசிரியர் சுட்டிய கட்டுரையைப் படிக்கின்றோம். அவர் சுட்டாத கட்டுரை கண்ணில் பட்டால், நமக்கு இது எதற்கு என்று ஒதுக்குகின்றோம். அதனை ஆசிரியர்பால் உள்ள மதிப்பு என்றும் நினைத்துக்கொள்கின்றோம். அது மதிப்பு அன்று, சோம்பல். என்னைக் கேட்டால், நான் இவ்வளவு நாளும் செய்தது அதுதான். ஆசிரியரின் படிப்பு நமக்குத் தொடக்கம். அதனையே எல்லையாகவும் கொண்டால், தலைமுறைக்குத் தலைமுறை அறிவு சுருங்குமேயன்றி வளராது.

இப்போது என் தட்டில், தேர்வு நூல்களுக்கு நடுவே, சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ இருக்கின்றது. தடித்த நூல்; மெல்லத்தான் நகர்கின்றேன். அறை நண்பர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எந்தத் தேர்வுக்கு என்று கேட்டார். எந்தத் தேர்வுக்கும் இல்லை என்றேன். அடுத்த வாரம் தமக்குத் தரும்படி கேட்டிருக்கின்றார். ஆய்வுக்கூடத்தில் என் ஆசிரியர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டால், இந்த முறை சொல்வதற்கு ஒரு பெயர் உண்டு.