கைம்பெண்களுக்குக் கல்வியும் தொழிலும் தந்த பண்டித ரமாபாய் அம்மையார்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரையும் மகாத்மா புலேயையும் நம் இளைஞர்கள் நன்கறிவர். நாம் எடுத்துக்கொண்ட பெயரோ பண்டித ரமாபாய். பிராமண குலத்தில் தோன்றிப் பின்னர்க் கிறித்தவரான ஓர் அம்மையாருக்கு நம் மலரில் இடம் எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினவுதல் முறையே. அதற்கு விடை அவருடைய வாழ்விலேயே இருக்கிறது.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் தளி மக்களாகிய நமக்கு அம்மையார் முற்றும் அயலவர் அல்லர். இன்றைய கருநாடக மாநிலத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில், கங்காமூலம் என்னும் காட்டிடத்தில் 1858-இல் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்கள் வடமொழி கற்கலாகாது என்ற கட்டினை மீறித் தம் மனைவிக்குக் கற்பித்தவர். அத்தாயிடமே ரமாபாய் பாடம் கேட்டார். பின்னர்க் குடும்பம் ஊர் ஊராய்ப் புராணம் படித்து வயிறு வளர்க்க நேர்ந்தது. 1870-களின் பஞ்சத்தில் தந்தை, தாய், தமக்கை மூவரும் மாண்டனர். தமையனும் தாமுமாக நடந்தே நாட்டைச் சுற்றி 1878-இல் கல்கத்தா சேர்ந்தனர். அங்குள்ள அறிஞர்கள் அவருடைய புலமையைக் கண்டு பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டம் அளித்தனர்.

1880-இல் தமையனையும் இழந்தார். அவ்வாண்டே, சூத்திரர் எனப்பட்ட வகுப்பைச் சார்ந்த விபின் பிகாரி மேத்வி என்னும் வங்காள வழக்கறிஞரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அக்காலத்தில் இஃது எத்துணைப் பெருந்துணிவு என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. 1882-இல் வாந்திபேதி கணவரைக் கொண்டு சென்றது. கைக்குழந்தை மனோரமாவுடன், இருபத்து நான்கு வயதும் நிரம்பாத கைம்பெண்ணாக அவர் நின்றார்.

அவர் மூலையில் அமரவில்லை. பூனாவில் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஹண்டர் கல்விக் குழுவின் முன் தோன்றி, பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் வேண்டுமென வாதிட்டார். தாம் எழுதிய நூலை விற்ற பணத்தில் 1883-இல் இங்கிலாந்து சென்று, அங்கே கிறித்தவம் தழுவினார். பூனாவின் மேல்சாதியார் வெகுண்டபோது, அவர் சார்பில் எழுதியவர் சோதிராவ் புலே என்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்கா சென்று நிதி திரட்டி வந்து, 1889-இல் பம்பாயில் சாரதா சதன் என்னும் இல்லத்தைத் திறந்தார். கோதுபாய் என்னும் இளங்கைம்பெண் அதன் முதல் மாணவியருள் ஒருவர். இவரைப் பின்னாளில் மணந்த கார்வே தாமும் கைம்பெண்களுக்கு ஓர் இல்லம் அமைத்தார். ஆயினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. சாரதா சதன் மேல்சாதிக் கைம்பெண்களுக்காகவே எழுந்தது. சமையலிலும் சாதி ஒழுக்கம் காக்க இடம் தரப்பட்டது. நம் குலப் பெண்ணொருத்தி அன்று அவ்வாயிலில் நின்றிருந்தால் உள்ளே சென்றிருப்பாளா? செல்லாள் என்றே நாம் கருதுகிறோம்.

அவ்வாயிலைத் திறந்தது பஞ்சம். 1896-97-இல் மத்திய மாகாணங்கள் வறண்டபோது, முன்பு தாம் பட்ட பசியை நினைந்து அம்மையார் அங்கு விரைந்தார். எலும்பும் தோலுமாய்க் கிடந்த பெண்களை நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். யார் எக்குலம் என்று பார்த்து எடுக்க அங்கே பொழுதும் இல்லை, மனமும் இல்லை. பூனாவுக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேட்காவில் அவருக்கு நிலம் இருந்தது. முக்தி என்னும் இல்லம் அங்கு வளர்ந்தது. 1900-ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 2,000 பேர் அங்கு வாழ்ந்தனர்.

அத்தனை பேருக்கும் சோறிடுதல் பெரிது. அதனோடு நில்லாமை அதனினும் பெரிது. காலையில் எழுத்துப் பாடம் என்றால் அடுத்துத் தறியும் தையலும். சிலர் எண்ணெய் ஆட்டினர், சிலர் மாடு பேணினர், சிலர் தோட்டம் பயிரிட்டனர். கண்ணற்ற பெண்கள் பிரெயில் எழுத்தைத் தடவிப் படித்தனர். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பதும், பொறியை ஓட்டுவதும், நூல் கட்டுவதும் பெண்களே. பாவம் என்று ஊரார் ஒதுக்கிய கைகள் அவை. அங்கே நிலவிய சமயச் சூழலைப் பற்றி நமக்கு மாறுபட்ட கருத்து உண்டு. அவர் தந்த தொழிலைப் பற்றி இல்லை.

உரிமை கேட்கும் வழியையும் அவர் தம் வாழ்வால் காட்டினார். 1889-இல் பம்பாய்க் காங்கிரசு மாநாட்டில் பெண் பிரதிநிதிகளுடன் அமர்ந்தார். 1897-இல் பூனாவில் பிளேக் நோய் பரவியபோது, தனிமை முகாம்களில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். அம்மடல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை பேசப்பட்டது.

நம் பகுதியில் கணவனை இழந்த சகோதரிகள் விடியுமுன் வேன் ஏறி ரோசாத் தோட்டத்துக்கும் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். உழைக்க அவர்கள் அஞ்சுவதில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உதவித்தொகை மனு என்றால்தான் கலங்கிப் பிறர் கையை எதிர்பார்க்கின்றனர். ஒரு விண்ணப்பத்துக்காக நான்கு நாள் கூலி இழந்து அலைந்தவர்களை நாம் அறிவோம். தையல் வகுப்போடு மனு எழுதும் பயிற்சியும் சேர வேண்டும் என்று சங்கக் கூட்டங்களில் நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

1921-இல் மகள் மனோரமா மறைந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அம்மையாரும் மறைந்தார். எபிரேய, கிரேக்க மூலங்களைக் கற்று அவர் மராத்தியில் பெயர்த்த விவிலியம் அப்போது முழுமையாக வெளிவந்திருக்கவில்லை. கேட்காவ் அச்சுக்கூடத்துப் பெண்கள் எழுத்துக் கோத்து அதனை அச்சிட்டு முடித்தனர்.