செம்முடிக் குருவானவர்

வெனிஸ் நகரிலே 1678ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் பிறந்த ஓர் ஆண் குழந்தை பிழைக்காது என்று அஞ்சி, மருத்துவிச்சியே வீட்டில் வைத்து அவசர ஞானஸ்நானம் கொடுத்தாள். எஞ்சிய சடங்குகள் இரண்டு மாதங்கள் கழித்தே கோவிலில் நிறைவேறின. அக்குழந்தைதான் அந்தோனியோ விவால்டி. தந்தையார் முன்னர் நாவிதராக இருந்து, பின்னர் புனித மாற்கு தேவாலயத்தில் வயலின் வாசித்தவர்.

1703இல் விவால்டி குருப்பட்டம் பெற்றார். தலைமுடி சிவப்பாக இருந்தமையால் ஊரார் அவரைச் செம்முடிக் குருவானவர் என்றே அழைத்தனர். அதே ஆண்டில் பியத்தா என்னும் இல்லத்தில் வயலின் ஆசிரியரானார். கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்த இல்லம் அது. அங்கு இசை பயின்ற பெண்கள் கோவில் மேல்மாடத்தில் கம்பித் தடுப்பின் பின்னால் மறைந்து வாசிப்பார்கள். பெற்றோர் யாரென்றே அறியாத அவர்களின் வாசிப்பைக் கேட்க ஐரோப்பாவின் பிரபுக்கள் தேடி வந்தனர்.

1729ஆம் ஆண்டளவில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவரது பத்தாம் தொகுப்பில், தனிப் புல்லாங்குழலுக்கும் நரம்பு வாத்தியங்களுக்குமான ஆறு கொன்சேட்டோக்கள் உள்ளன. குழல் தனித்தும், வாத்தியக் குழு அதற்கு விடை கூறியும் மாறி மாறிச் செல்லும் இசை வடிவம் இது. ஒன்று கடற்புயல், ஒன்று இரவு. அந்த இரவிலே பேயுருவங்களும் வந்துபோகும், உறக்கமும் வந்து கவியும். மூன்றாவது ஒரு சிறு பறவையின் பெயர் கொண்டது. அதிலே நரம்பு வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிட, குழல் பறவையாகவே கூவுகிறது. நடுப்பகுதியோ தாலாட்டுப் போன்றது. அக்காலக் குழல் மரத்தாலானது, மென்குரல் உடையது. அதை மூழ்கடிக்காமல் எழுதியதிலேதான் அவரது கைவன்மை தெரிகிறது.

ஆனால் குருவானவர் பூசை வைப்பதில்லை என்ற முணுமுணுப்பு அவரை விடவில்லை. நெஞ்சு இறுக்கத்தால் பலிபீடத்தை விட்டு மூன்று முறை பாதியில் இறங்க நேர்ந்ததென்று அவரே விளக்கம் எழுதினார். இசைநாடக அரங்குகளில் அவர் அலைந்தது நமக்கும் உவப்பானதல்ல. அதற்காக நோயைப் பொய்யென்று கூறிவிடவும் முடியாது. 1737இல் கர்தினால் ருஃபோ அவர் பெராரா நகருக்குள் வருவதைத் தடை செய்தார். பூசை வைக்காமை ஒரு காரணம், பாடகி அன்னா ஜிரோவுடனான பழக்கம் மற்றொன்று. நாடகத்துக்கென ஒப்பந்தங்கள் செய்திருந்த விவால்டிக்கு அது பேரிடி.

1740இல் வெனிஸை விட்டு நீங்கினார். அவரை மதித்த பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் அவ்வாண்டு அக்டோபரில் காலமானார். 1741 ஜூலையில், வியன்னாவில் ஒரு விதவையின் வீட்டில் தமது 63ஆம் வயதில் விவால்டி இறந்தார். எளிய அடக்கம், கல்லறை இன்று இல்லை.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அவரை உலகம் மறந்திருந்தது. 1926இல், வட இத்தாலியில் சலேசியக் குருக்களின் கல்லூரி ஒன்று கட்டடத் திருத்தத்துக்குப் பணம் வேண்டி, தன்னிடமிருந்த பழைய இசை ஏடுகளை விற்க முன்வந்தது. அவற்றில் 14 தொகுதிகள் விவால்டியினுடையவை. மறுபாதி ஜெனோவாவில் ஒரு பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. இரண்டையும் துரின் தேசிய நூலகத்துக்கு வாங்கிக் கொடுத்தவர்கள், சிறு பிள்ளைகளைப் பறிகொடுத்த இரு தந்தையர். மவ்ரோ, ரென்சோ என்ற அப்பிள்ளைகளின் பெயர்களையே அத்தொகுதிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. நம் பாடகர் குழுக்கள் அறிந்த அவரது குளோரியாவும் அந்த ஏடுகளுக்குள்தான் கிடந்தது.