போட்டியினும் பெரியது

ஜே.ஆர்.டி. டாட்டா 1904ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் பாரிசில் பிறந்தார். இளமையிலேயே வானூர்தியின்மேல் காதல் கொண்ட அவர், 1929இல் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

அக்காலத்துச் சிறு வானூர்திகள் ஒற்றை எந்திரம் கொண்டவை. நடுவானில் எந்திரம் நின்றால், விமானி மூக்குப்பகுதியைத் தாழ்த்தி, வேகம் குறையாமல் சறுக்கியபடியே இறங்கவேண்டும். காற்று வீசும் திசையையும் இறங்கத்தக்க நிலத்தையும் நொடிப்பொழுதில் தேர்ந்தாக வேண்டும். நிலக்கோட்டையைப் போன்ற சமவெளி கீழே விரிந்திருந்தால் பிழைக்கலாம். சிறுமலையைப் போன்ற சரிவாயின் உயிருக்கே கேடு.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து, ஒரு மாதத்திற்குள் பயணத்தை முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசளிப்பதாக ஆகாகான் அறிவித்தார். மன்மோகன் சிங், ஆஸ்பி எஞ்சினியர், டாட்டா ஆகிய மூவரும் களமிறங்கினர். வழியில் கட்டாயமாகத் தரையிறங்க நேர்ந்தமையால், மன்மோகன் சிங்கால் காலக்கெடுவுக்குள் பயணத்தை முடிக்க இயலவில்லை.

1930 மே மாதம் டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார் பதினேழே வயதான ஆஸ்பி. எகிப்தின் அபூகிர் விமானத்தளத்தில் இறங்கிய டாட்டா, அங்கே ஆஸ்பி பயணத்தைத் தொடர வழியின்றித் தவிப்பதைக் கண்டார். அவருடைய எந்திரத்திற்கு மாற்று ஸ்பார்க் பிளக்குகள் தேவைப்பட்டன. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை எரியூட்டும் சிறுகருவி அது. அது பழுதுபட்டால் எந்திரம் ஆற்றல் இழக்கும்.

டாட்டாவிடம் உபரி ஸ்பார்க் பிளக்குகள் இருந்தன. கொடுத்தால் போட்டியாளர் முந்தலாம். தம் எந்திரம் பழுதுற்றால் தமக்கே துணையிராது. இவ்விரண்டையும் அறிந்தே அவர் வழங்கினார். ஆஸ்பி மே 11ஆம் நாள் கராச்சியை அடைந்து பரிசை வென்றார். டாட்டா இங்கிலாந்தை அடைவதற்குள் போட்டி முடிந்துவிட்டது.

அக்கொடை வீண்போகவில்லை. ஆஸ்பி இந்திய வான்படையில் சேர்ந்து உயர்ந்து, 1960இல் அதன் தலைமைத் தளபதியானார். டாட்டாவோ, 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் பைகளுடன் பறந்து, இந்திய வான்போக்குவரத்துக்கு வித்திட்டார். அவ்வஞ்சல் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அவ்வித்தே பின்னர் ஏர் இந்தியாவாகத் தழைத்தது. ஐம்பதாண்டுகளுக்குப் பின், 1982இல், தம் 78ஆம் வயதில் அதே வழியில் மீண்டும் பறந்து காட்டினார்.

1992இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1993 நவம்பர் 29ஆம் நாள் ஜெனிவாவில் அவர் மறைந்தார். தொழில்துறையில் அவர் பெற்ற வெற்றிகள் பல. எனினும், அபூகிரில் அவர் இழந்த வெற்றியே அவர்தம் பண்பைத் தெளிவாகக் காட்டுகிறது. இடரில் நிற்பவர் எதிரணியினர் ஆயினும் அவருக்குக் கைகொடுப்பதே வானத்தின் அறம். அதுவே மண்ணின் அறமும் ஆகும்.