ராடில் இருக்கும் ஓ.கே. யார்?

நம் வெல்டிங் ஷாப்பில் சில ராடுகளின் மேல் ஓ.கே. என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செக் பண்ணியாச்சு, ராடு சரியா இருக்கு என்று அர்த்தம் போல என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். ஆஸ்கர் கெல்பெர்க் என்பதன் முதல் எழுத்துகள்!

கெல்பெர்க் 1870-ல் சுவீடன் நாட்டில் பிறந்தார். நீராவிக் கப்பல்களில் இன்ஜினியராக வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் கப்பலும் பாய்லரும் ரிவெட் அடித்துச் சேர்த்தவை. ரிவெட் வரிசையில் ஒழுகினால் சுத்தியலால் தட்டி அடைப்பார்கள். கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகும். நடுக்கடலில் பாய்லர் பிளந்தால் பக்கத்தில் நிற்பவன் கதி என்ன? இந்தக் கவலைதான் அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டும்.

மின்சார ஆர்க்கால் இரும்பை உருக்கி ஒட்டும் முறையை 1880-களிலேயே ரஷ்யப் பேரரசில் பெனார்டோஸும் ஸ்லாவியானோவும் காட்டிவிட்டார்கள். ஆனால் வெறும் கம்பியில் ஆர்க் நிலையாக நிற்காது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் உருகிய இரும்பில் புகுந்துவிடும். ஒட்டிய இடம் பார்க்க நன்றாக இருக்கும், தட்டினால் உடையும்.

வெல்டர் கையில் மட்டும் குற்றமில்லை, காற்றைத் தடுக்க வேண்டும் என்று கெல்பெர்க் கண்டுகொண்டார். கார்பனேட், சிலிகேட் கலந்த குழம்பில் கம்பியை முக்கிக் காயவைத்தார். பூச்சு எரியும்போது வரும் வாயு உருகிய உலோகத்தைச் சுற்றிக் காவல் நின்றது. மேலே படிந்த ஸ்லாக் அதைப் போர்வை போல மூடியது. நாம் சிப்பிங் ஹாமரால் தட்டிக் குப்பையில் போடுகிறோமே, அதே ஸ்லாக்தான்!

1904 செப்டம்பர் 12-ல் கோத்தன்பர்க் துறைமுக நகரில் ஈசாப் கம்பெனியைத் தொடங்கினார். கப்பல் ரிப்பேர்தான் முதல் தொழில். 1922-ல் ஜெர்மனியின் ஃபின்ஸ்டர்வால்டே ஊரிலும் தொழிற்சாலை வைத்தார். 1931-ல், அறுபதாவது வயதில் காலமானார். அவர் கம்பெனியின் இந்தியக் கிளைக்கு நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் தொழிற்சாலை இருக்கிறது.

இவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. ஒரகடம் ரோட்டில் அம்மா டிபன் வண்டி வைத்திருக்கிறார். அதன் எவர்சில்வர் மேல்தட்டு விரிந்துபோனது. ஒன்றரை மில்லி தகடுதான். வீட்டு கரண்டில் ஓடும் சின்ன இன்வெர்ட்டர் மெஷினை வைத்துப் பற்றவைத்தேன். ஒட்டவில்லை, ஓட்டைதான் விழுந்தது. மறுநாள் வியாபாரம் போச்சு. என் கைக்கு இது வராது என்று மெஷினை மூடிவைத்துவிட்டேன்.

பிறகுதான் படித்தேன். எவர்சில்வர் சாதா இரும்பைவிட மூன்றில் ஒரு பங்குதான் சூட்டைக் கடத்தும். விரிவதோ ஒன்றரை மடங்கு. சூடு ஒரே இடத்தில் தேங்கி ஓட்டை போடுகிறது, தகடும் முறுக்கிக்கொள்கிறது. பூச்சு முன்பக்கத்துக்குத்தான் காவல், பின்பக்கம் காற்றில் கருகும். ஆகவே 1.6 மில்லி 308எல் ராடு எடுத்து, முப்பது ஆம்பியர் சொச்சத்தில் வைத்து, ஆர்க்கைக் குட்டையாகப் பிடித்தேன். பின்னால் செம்புப் பட்டையை ஒட்டவைத்து இறுக்கினேன். அது சூட்டை வாங்கிக்கொண்டது, காற்றையும் ஓரளவு தடுத்தது. நெருக்கமாக டாக் போட்டு, ஒவ்வொரு துண்டும் ஆறின பிறகே அடுத்தது. கடைசியில் எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்தேன். இரும்பு பிரஷ் பட்டால் அந்த இடத்தில் துரு வரும். இப்போது வண்டி ஓடுகிறது.

நண்பர்களே, வேலை கெட்டால் உடனே நம் கையை நாமே திட்டிக்கொள்கிறோம். கெல்பெர்க் ஒழுகுகிற இடத்தில் நின்று, ஏன் ஒழுகுது என்று கேட்டார். நாமும் கேட்போம். அடுத்த முறை ராடு எடுக்கும்போது அந்த இரண்டு எழுத்தை ஒரு நிமிடம் பாருங்கள்!