எட்டுக் கலை

சென்ற வாரம் ஆய்வுக்கூடத்தில் ஒரு தவறு செய்தேன். ஊசலின் அலைவு நேரத்தைப் பத்து முறை அளந்ததில் ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. அதை அழித்துவிட்டு, வரவேண்டிய எண்ணை எழுதினேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. அன்றிரவு விடுதியில் டைக்கோ பிராகேயின் வரலாற்றைப் படித்தேன், உறக்கம் போயிற்று.

1546-ல் டென்மார்க்கில் உயர்குடியில் பிறந்தவர் அவர். சட்டம் படிக்க அனுப்பினார்கள். அவரோ வானத்தைப் படித்தார். 1563-ல் வியாழனும் சனியும் நெருங்கி வந்த நாளைப் பழைய அட்டவணை ஒன்று ஏறக்குறைய ஒரு மாதம் பிசகாகக் காட்டியிருப்பதைக் கண்டார். அப்போது வயது பதினாறு! வாட்சண்டையில் அவர் மூக்கறுபட்ட கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அது கிடக்கட்டும்.

1576-ல் அரசர் அவருக்கு வென் என்னும் தீவை அளித்தார். இருபது ஆண்டுகள் அங்கே வானத்தை அளந்தார். தொலைநோக்கி அன்று இல்லை. ஆளுயரத்தையும் மிஞ்சிய கோணமானிகளும் வெறுங்கண்ணுமே துணை. அப்படியிருந்தும் பிழை பெரும்பாலும் ஓரிரு கலைக்குள் அடங்கியது. (ஒரு பாகையில் 60 கலை; முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை.)

நண்பர்களே, ஊசலின் நீளத்தை நான் கூட்டலாம், குறைக்கலாம், மறுபடியும் ஆட்டலாம். செவ்வாயை நிறுத்தி மறுபடி ஓடவிட யாரால் முடியும்? கதிரவனுக்கு நேர் எதிர்ப்புறம் அது வந்து நிற்க ஏறத்தாழ 26 மாதம் ஆகும். அன்று மேகம் மூடினால் அவ்வளவுதான். ஆகவே பார்ப்பவனுக்கு அவன் குறிப்பேடுதான் சொத்து.

வேடிக்கை என்னவென்றால், டைக்கோவின் கொள்கை தவறு. பூமி அசையாது என்றே கடைசிவரை நம்பினார். ஆனால் தம் நம்பிக்கைக்காக எண்களை வளைக்கவில்லை. 1600-ல் பிராகாவில் கெப்ளர் அவரிடம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே டைக்கோ மறைந்தார். கெப்ளர் அரும்பாடுபட்டு வட்டத்தைக் கொண்டு செவ்வாய்க்கு ஒரு பாதை வகுத்தார். அது டைக்கோவின் எண்களோடு 8 கலை முரண்பட்டது. நிலவின் அகலத்தில் கால்பங்குதான்! நானாயிருந்தால் அழித்திருப்பேன். கெப்ளரோ இறந்தவரின் எண்ணை நம்பித் தம் உழைப்பைத் தூக்கி எறிந்தார். நீள்வட்டம் பிறந்தது, 1609-ல் நூலாக வந்தது.

நான் அழித்த எண் என்னவென்று எவ்வளவோ நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. நாளை ஆய்வுக்கூடம் திறந்ததும் ஊசலை மறுபடி ஆட்டப் போகிறேன். எனக்கு அந்த வசதியாவது இருக்கிறது.