தம்பி தோல் ஏன் ஒட்டாது?

ஸ்டவ் வெடித்து அக்கா கை வெந்தப்போ, என் தோலை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். டாக்டர் மறுத்து, அக்காவோட தொடைத் தோலையே எடுத்து ஒட்டினார். ஏன்னு அப்போ புரியல.

காரணத்தைக் கண்டறிந்தவர் பீட்டர் மெடவார். 1915இல் பிரேசிலில் பிறந்த ஆங்கிலேய விஞ்ஞானி. உலகப்போர் காலத்தில், கிளாஸ்கோவில் தீக்காயம் பட்ட பெண்ணுக்கு டாக்டர் கிப்சனுடன் சேர்ந்து, அவரது சகோதரனின் தோலை ஒட்டிப் பார்த்தார். சில நாளில் அழிந்தது. மறுபடி ஒட்டியது அதைவிடச் சீக்கிரம் போச்சு! உடம்பு அந்நியத் தோலை ஞாபகம் வைத்து எதிர்க்கிறது என 1943இல் எழுதினார்கள்.

1953இல், கருவிலேயே அந்நியச் செல்களைப் பழக்கிய சுண்டெலி, வளர்ந்தபின் அதே இனத் தோலை ஏற்றதைக் காட்டினார். 1960இல் பர்னெட்டுடன் நோபல் பரிசு. பக்கவாதம் தாக்கியும் உழைத்தவர், 1987இல் மறைந்தார்.

எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்ததால்தான், 1971இல் நம் வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரகம் மாற்ற முடிந்தது.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவன் நான். இதையெல்லாம் திட்டக்குடிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். தழும்பைத் தடவிக்கிட்டே கேட்டுச்சு.